சொந்தக் கடையா, தவளைக் கடையா

வேலுமணிக்கு வேலை போன செய்தியை அவருடைய மேனேஜர் வீடியோ காலில் சொன்னார். திரையின் இன்னொரு மூலையில் எச்.ஆர். பெண் ஒருத்தி, துக்கம் கேட்க வந்தவளைப் போலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ஹூஸ்டனில் ஒரு எனர்ஜி கம்பெனியில் பல வருடமாக எண்ணெய்க் குழாய்களின் அழுத்தத்தைக் கணக்குப் போட்டவர் வேலுமணி. அந்தப் பெண் எதிர்பார்த்த அளவுக்கு அவர் உடைந்துபோகவில்லை. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சுகர் லேண்ட் வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஃப்ரீவே நெரிசலில் நின்றபடியே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இனிமேல் எவனுக்குக் கீழேயும் வேலை பார்ப்பதில்லை.

இது திடீரென்று வந்த முடிவல்ல. கோபிச்செட்டிபாளையத்தில் படித்த நாளிலிருந்தே, தான் யாருக்கும் கட்டுப்படாத ஆள் என்பது வேலுமணியின் எண்ணம். அதற்கு ஆதாரம் கேட்டால் சொல்வது கஷ்டம். வாத்தியார் சொன்ன குரூப்பை எடுத்தார், அப்பா சொன்ன காலேஜில் சேர்ந்தார், ஜோசியர் சொன்ன மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டார், கம்பெனி அனுப்பிய ஊரில் வந்து இறங்கினார். ஆனாலும் தனக்குள் ஒரு முதலாளி உட்கார்ந்திருப்பதாகவும், அந்த முதலாளியை எட்டு மேனேஜர்கள் மாறி மாறி அமுக்கி வைத்திருந்ததாகவும் உறுதியாக நம்பினார்.

என்ன தொழில் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பது. சுகர் லேண்டில் கணக்கு ட்யூஷனுக்குப் போகாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குழப்பமெல்லாம், ஏற்கெனவே பெயரெடுத்த ஒரு கம்பெனியின் ஃப்ரான்சைஸை வாங்குவதா, தன் பெயரில் சொந்தமாக ஆரம்பிப்பதா என்பதில்தான்.

ஃப்ரான்சைஸ் என்று அவர் மனதில் வைத்திருந்தது ‘டென் ஃப்ராக்ஸ் மேத்’. பச்சைத் தவளைதான் அவர்கள் சின்னம். பாடத்தாள், போர்டு, நாற்காலி, சுவரின் நிறம் எல்லாம் அவர்களே முடிவு செய்வார்கள். கதவைத் திறந்து உள்ளே வரும் பிள்ளையிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட அச்சடித்து வரும். வருமானத்தில் ஒரு பங்கு மாதாமாதம் அவர்களுக்குப் போய்விடும். சொந்தக் கடை என்றால் எல்லாம் நம் இஷ்டம். யாருமே வராமல் போனால் அதுவும் நம் பாடு.

காலையில் காபி குடிக்கும்போது ஃப்ரான்சைஸ்தான் புத்திசாலித்தனம் என்று படும். சாயங்காலம் நடக்கப் போய்விட்டு வந்தால், தவளைக்கு அடிமையாக இருப்பதற்கு பழைய மேனேஜரே தேவலை என்று தோன்றும். இரண்டையும் அவர் மனைவி சாந்தியிடம் விரிவாகச் சொல்வார். மெடிக்கல் சென்டரில் ஒரு ஆஸ்பத்திரி ஃபார்மசியில் வேலை செய்துவிட்டு வந்து, அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டே சாந்தி கேட்பார். “ஆமாங்க” என்பார். மறுநாள் நேர் எதிராகச் சொன்னால், “அதுவும் சரிதானுங்க” என்பார். இதை வேலுமணி கலந்து பேசி முடிவெடுப்பது என்று குறிப்பிட்டு வந்தார்.

வேறு ஆட்களையும் கேட்டார். பேர்லண்ட் கோவிலில் பழக்கமான கிரீஷ் ஒரு சாண்ட்விச் ஃப்ரான்சைஸ் நடத்திக்கொண்டிருந்தார்.

“தக்காளி எவ்ளோ தடிமனா வெட்டணும்னு கூட அவன்தான் சொல்லுவான் பாஸ். நான் ஓனர்னு சொல்லிக்கலாம், அவ்ளோதான்.”

“அப்ப வேண்டாங்கறீங்களா?”

“நான் எங்க அப்படிச் சொன்னேன்? ராத்திரி படுத்தா தூக்கம் வருது. தக்காளியப் பத்தி யோசிக்கற வேலை எனக்கு இல்லையே.”

ஆஸ்டினில் படிக்கும் மகள் வான்மதியை போனில் கேட்டார். அவள் வழக்கம்போல ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். “அப்பா, யு வுடன்ட் லாஸ்ட் எ வீக் இன் எ ஃப்ரான்சைஸ்.” தன் சுதந்திர குணத்தை மகளாவது புரிந்து வைத்திருக்கிறாளே என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

டென் ஃப்ராக்ஸ் கம்பெனி, வாங்க நினைப்பவர்களுக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய விவர ஆவணத்தை அனுப்பி வைத்தது. நூற்றுக்கணக்கான பக்கம். எல்லோரும் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடும் அந்த ஆவணத்தை வேலுமணி முதல் வரியிலிருந்து படித்தார். மஞ்சள் பேனாவால் கோடு போட்டு இன்னொரு முறையும் படித்தார். வேலை போனதிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

பிறகு டாலஸ் பக்கத்தில் பிளேனோவில் இருக்கும் தலைமை ஆபீஸுக்கு அழைப்பு வந்தது. கணவன் மனைவி இருவரும் வர வேண்டும் என்பது விதி. சாந்தி லீவ் போட்டார். வண்டியை அவர் ஓட்ட, வேலுமணி பக்கத்தில் உட்கார்ந்து முக்கியமான பக்கங்களை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்.

பிளேனோவில் வாசலிலேயே பச்சை பலூன் கட்டியிருந்தார்கள். வைஸ் பிரசிடென்ட் அம்மாள் ஒருவர் எல்லோருக்கும் கைகொடுத்தார். வேலுமணி கேள்விகளோடு போயிருந்தார். நாற்காலியை உங்களிடமே ஏன் வாங்க வேண்டும்? பின்னத்துக்கு முன்னால் தசமத்தை நடத்தினால் என்ன? உங்கள் பாடத்தாளில் ‘ஏன்’ என்ற கேள்வியே இல்லையே? அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் சிரித்த முகத்தோடு, “கிரேட் க்வெஸ்ச்சன்” என்று சொல்லிவிட்டு, வேறு எதற்கோ பதில் சொன்னார்.

சாந்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கணக்கு வராமல் ஒரு குழந்தை அழுதால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

அதற்குக் கையேட்டில் ஒரு பக்கமே இருந்தது. தண்ணீர் கொடுங்கள். அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு இதைவிடச் சுலபமான தாளைக் கொடுங்கள். ‘நாம் சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். நின்றுகொண்டு பேசாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். சாந்தி அந்தப் பக்கத்தை ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு டேப்லெட்டைக் கொடுத்து, குணம் அறியும் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். ஒரு விதி தேவையில்லாதது என்று தோன்றினால் என்ன செய்வீர்கள் என்பது அதில் ஒன்று. மாற்றுவேன் என்று எழுதினார் வேலுமணி. ஒரு வருடம் அப்படியே செய்து பார்ப்பேன் என்று எழுதினார் சாந்தி.

அடுத்த வாரம் இருவருக்கும் தனித்தனியாக ஈமெயில் வந்தது. வேலுமணிக்கு வந்ததில், தங்களிடம் தொழில்முனைவோருக்கு உரிய சுதந்திர உணர்வு மிக அதிகமாக இருப்பதால், எங்கள் அமைப்பு தங்களுக்கு மகிழ்ச்சி தருமா என்பது சந்தேகமே என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். வேலுமணிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் தான் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது ஒரு கம்பெனியே எழுதிக் கொடுத்துவிட்டது. கிரீஷுக்கு போன் போட்டு வாசித்துக் காட்டினார்.

“பாஸ், உங்களோட மாரடிக்க முடியாதுன்றத இதவிட டீசன்டா யாரும் சொல்ல முடியாது” என்றார் கிரீஷ்.

வேலுமணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கே ‘வேலு மேத் அகாடமி’ என்று பெயர் முடிவாயிற்று. இரவுச் சாப்பாட்டின்போது சாந்தியிடம் சொன்னார்.

சாந்தி ரசத்தை ஊற்றிவிட்டுக் கேட்டார். “அப்ப எனக்கு வந்த மெயிலுங்க?”

“உனக்கு என்ன வந்துச்சு?”

“நான் செலக்ட் ஆயிட்டேன்னு வந்துச்சுங்க. எடுத்து நடத்தலாமான்னு ரோசிச்சிட்டிருக்கறேன்.”

வேலுமணி சிரித்தார். சாந்தி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“நீ எதுக்கு சாந்தி? ஃபார்மசி வேலை நல்லாத்தான இருக்குது?”

“நல்லாத்தான் இருக்குது. மாத்திர வாங்கிட்டுப் போனவங்க நல்லானாங்களா இல்லியான்னு மட்டும் நமக்குத் தெரியாதுங்க. ஒரு புள்ளைக்குக் கணக்கு வந்துச்சுன்னா அது மூஞ்சியிலயே தெரியுமில்லீங்க?”

“நீ யாருக்காச்சும் கணக்கு சொல்லிக் குடுத்திருக்கறயா?”

“இல்லீங்க. வான்மதிக்கு நீங்க சொல்லிக் குடுக்கறப்ப அடுப்படியில இருந்து கேட்டிருக்கறேன்.”

இதைக் குத்தலாகச் சொன்னாரா சாதாரணமாகச் சொன்னாரா என்று வேலுமணிக்குத் தெரியவில்லை. வான்மதி ஆறாவது படிக்கும்போது, சாப்பாட்டு மேஜையில் நோட்டின் மேல் கவிழ்ந்து விசும்புவதும், ‘இதுல அழறதுக்கு என்ன இருக்குது, லாஜிக்கா யோசி’ என்று தான் எழுந்து நின்று கத்துவதும் ஞாபகத்துக்கு வந்தன. ரசத்தை வேகமாகக் குடித்து முடித்தார்.

படுக்கப் போகும் முன் அவருக்கு ஒரு பக்கம் நினைவு வந்தது. தானே மஞ்சள் கோடு போட்ட பக்கம். ஃப்ரான்சைஸ் எடுத்தவரின் கணவனோ மனைவியோ அந்த வட்டாரத்தில் அதே தொழிலைத் தனியாக நடத்தக் கூடாது.

“இத பாரு சாந்தி. நீ அத எடுத்தீன்னா நான் அகாடமி ஆரம்பிக்க முடியாது. ரெண்டுல ஒண்ணுதான்.”

“தெரியுமுங்க. பிளேனோ போறப்ப நீங்கதான் ரெண்டு வாட்டி படிச்சுக் காட்டுனீங்க.”

அது வரைக்கும் இந்த வீட்டில் எடைபோடப்பட்டது ஃப்ரான்சைஸும் சொந்தக் கடையும்தான். தராசைப் பிடித்திருப்பது தான் ஒருவன் மட்டுமே என்பதில் வேலுமணிக்குச் சந்தேகம் இருந்ததில்லை. இப்போது அவரே ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

நியாயமாக ஒரு வழி சொன்னார். நம் குடியிருப்பின் க்ளப் ஹவுஸில் சனிக்கிழமை தோறும் இலவசமாக வகுப்பு எடுத்துப் பார்க்கிறேன். பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்தால் அகாடமி. வராவிட்டால் தவளை. சாந்தி உடனே ஒப்புக்கொண்டார். அவ்வளவு உடனே ஒப்புக்கொண்டது வேலுமணிக்குக் கொஞ்சம் உறுத்தியது.

முதல் சனிக்கிழமை க்ளப் ஹவுஸில் நிற்க இடமில்லை. பின்னத்தால் வகுக்கும்போது அதை ஏன் தலைகீழாகப் புரட்டிப் பெருக்குகிறோம் என்பதை வேலுமணி விளக்கினார். எந்த வாத்தியாரும் சொல்லித் தராத விஷயம் இது என்ற முன்னுரையே கால் மணி நேரம் ஓடியது. போர்டு நிறையப் படம் போட்டார். அழித்துவிட்டு வேறு விதமாகவும் போட்டார். பின்வரிசையில் பெற்றோர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் எட்டு வயது ரோஷினி என்ற பெண் மட்டும் கையைத் தூக்கினாள். வேலுமணிக்கு மனம் குளிர்ந்தது.

“அங்கிள், வென் டு வி கெட் தி வொர்க்ஷீட்?”

அடுத்த சனிக்கிழமை பாதிப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை ரோஷினி மட்டும் வந்தாள். அவளுக்காவது பிடித்திருக்கிறதே என்று வேலுமணி அவளிடமே சொன்னார். “மை மாம் ஹேஸ் ஸும்பா டான்ஸ் க்ளாஸ் நெக்ஸ்ட் டோர்” என்றாள் ரோஷினி. ஒளிவு மறைவில்லாத பெண்.

டென் ஃப்ராக்ஸ் ஒப்பந்தத்தில் வேலுமணி கையெழுத்துப் போட்டார். சாந்தியின் பெயருக்குக் கீழே, கணவன் என்று குறித்திருந்த இடத்தில்.

நகம் அலங்கரிக்கும் கடைக்கும் பல் டாக்டர் கிளினிக்குக்கும் நடுவில் டென் ஃப்ராக்ஸ் திறந்தது. சாந்தி ஃபார்மசி வேலையை விட்டார். கையேட்டில் சொன்னபடி நாற்காலி போட்டு, சொன்னபடி வாசலில் நின்று, சொன்னபடி வரவேற்றார். ஆறு மாதத்தில் இன்னும் சில மேஜைகள் போட வேண்டி வந்தது. அழுத பிள்ளைகளுக்குத் தண்ணீர் கிடைத்தது, சுலபமான தாள் கிடைத்தது, பக்கத்தில் உட்கார ஓர் ஆள் கிடைத்தார். அழுகை அடங்கியதும் அவர்கள் கணக்குப் போட்டார்கள். சாந்தி வீட்டுக்கு வந்தால் எந்தப் பிள்ளைக்கு அன்று எது பிடிபட்டது என்பதை வேலுமணியிடம் சொல்லாமல் தூங்க மாட்டார். இருபது வருடத்தில் சாந்தி அவ்வளவு பேசி வேலுமணி கேட்டதில்லை.

ஆள் கிடைக்கும் வரை என்று சொல்லி வேலுமணியும் சாயங்காலத்தில் அங்கே போய்த் தாள் திருத்தினார். தவளை போட்ட பச்சை டி-ஷர்ட். வருகிற பிள்ளையிடம், தவளை மாதிரி துள்ளி உள்ளே வா என்ற அர்த்தத்தில், ‘ஹாப் இன்!’ என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் அவர் அதை முணுமுணுத்தார். இரண்டாவது வாரம் சாந்தி தனியே கூப்பிட்டு, கொஞ்சம் சத்தமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

பிரச்சினை வந்தது பிளேனோவிலிருந்து ஆய்வுக்கு ஓர் இளைஞன் வந்த அன்று. அவன் கையில் கிளிப்போர்டுடன் சுற்றி வந்தபோது, வேலுமணி ஒரு பையனின் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, பின்னத்தை ஏன் புரட்டுகிறோம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக. பையன் அவர் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆய்வில் சென்டருக்குக் கிடைக்க வேண்டிய முழு மதிப்பெண் போய்விட்டது.

வீட்டுக்குப் போகும்போது காரில் சாந்தி மெதுவாகத் தொடங்கினார். “சொல்றதுக்கு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குதுங்க.”

“சொல்லு.”

“ஸ்டாஃப் யாராச்சும் தாளை விட்டு வெளிய போனா ரிட்டன் வார்னிங் குடுக்கணும்னு ரூல் இருக்குதுங்க. மத்த டீச்சருங்களுக்கு ஒரு நாயம், உங்களுக்கு ஒரு நாயம்னு நான் பண்ண முடியாதில்லீங்களா?”

வீட்டு கராஜில் வண்டி நின்ற பிறகு சாந்தி பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார்.

“நான் சைன் பண்ணணுமா?”

“ஆமாங்க. கீழ, ரைட் சைடுல.”

எட்டு மேனேஜர்களில் ஒருவர்கூட அவருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்ததில்லை. டாஷ்போர்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு உள்ளே போய், பழைய கம்பெனியில் எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்து எழுதாமலே விட்ட ராஜினாமாவை எழுதி சாந்திக்கு ஈமெயில் செய்தார். அடுத்த அறையிலிருந்து சாந்தி பதில் அனுப்பினார். ஏற்றுக்கொள்வதாகவும், இதுவரை செய்த உதவிக்கு நன்றி என்றும். பிறகு நேரில் வந்து, தோசை ஊத்தட்டுமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வேலுமணி என்ன செய்தார் என்பதுதான் அவரே எதிர்பார்க்காதது. ஹூஸ்டனில் அந்த வருடம் இன்னும் பலருக்கு வேலை போயிற்று. கம்பெனி கொடுத்தனுப்பிய பணத்தோடும், இத்தனை நாள் அமுங்கிக் கிடந்த முதலாளியோடும் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவன், வேலுமணியின் பழைய ஆபீஸ்காரன், நாய் குளிப்பாட்டும் ஃப்ரான்சைஸ் ஒன்றின் தடித்த ஆவணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். “வேலு, இந்த மாதிரி ஒண்ண நீதான் முழுசாப் படிச்சவன்னு கிரீஷ் சொன்னான். கொஞ்சம் பாத்துச் சொல்றியா?”

வேலுமணி பார்த்துச் சொன்னார். அந்த ஆள் நாலு பேரிடம் சொன்னான். கொஞ்ச நாளில் வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் வந்தார்கள். பிறகு ஃபீஸ் வாங்க ஆரம்பித்தார். ஃப்ரான்சைஸா சொந்தமா என்று முடிவெடுக்க முடியாமல் தவித்த ஒரு மனிதர், மற்றவர்கள் அதை முடிவெடுக்க உதவுவதே தொழிலாக வைத்துக்கொண்டார். அதற்கு டி-ஷர்ட் கிடையாது, கையேடு கிடையாது, பிளேனோவிலிருந்து யாரும் வர மாட்டார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ‘ஏன்’ என்று விளக்கலாம், கேட்பவர்கள் பணம் கொடுத்துக் கேட்டார்கள்.

சென்ற மாதம் பக்கத்து ஊரான கேட்டியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ரஞ்சித்குமார், சான் ஹோசேயில் சாஃப்ட்வேர் வேலை போனபின் டெக்சாஸுக்குக் குடிவந்திருந்தார். மனைவி கலாவதி பக்கத்தில் போனைப் பார்த்தபடி இருந்தாள். ரஞ்சித்குமார் கார் வாஷ் ஃப்ரான்சைஸ் பற்றியும், சொந்தமாக கார் வாஷ் வைப்பது பற்றியும் மாற்றி மாற்றிப் பேசினார். தான் அடிப்படையில் ரொம்ப இண்டிபெண்டன்ட் டைப் என்று நடுநடுவே சொல்லிக்கொண்டார். வேலுமணி பொறுமையாகக் கேட்டார். பிறகு கலாவதியின் பக்கம் திரும்பினார்.

“நீங்க என்ன நினைக்கறீங்கம்மா?”

“அவளுக்கு பிசினஸ்ல எல்லாம் இன்ட்ரஸ்ட் இல்ல சார்” என்றார் ரஞ்சித்குமார்.

“ஒரு நிமிஷம் சார்” என்று கலாவதி போனில் எதையோ தட்டி அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள். “சாரி. கேக் ஆர்டர். முட்டை போடாத கேக் வீட்லயே பண்ணித் தரேன். இந்த மாசம் இனி எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டே இருக்கேன், கேக்க மாட்டேங்கறாங்க. ஓவன் ஒண்ணுதான் இருக்கு.”

“எத்தன நாளா பண்றீங்க?”

“சான் ஹோசேல இருந்தப்பவே. இங்க வந்தப்புறம் ஜாஸ்தியாயிடுச்சு. வீட்டுச் செலவு இப்ப அதுலதான் ஓடுது.”

வேலுமணி ரஞ்சித்குமாரைப் பார்த்தார். ரஞ்சித்குமார் முதல்முறையாகக் கேட்பவர்போல மனைவியைப் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

“சார், அப்ப கேக்ல ஏதாவது நல்ல ஃப்ரான்சைஸ் இருக்கா?”

“இருக்கும்” என்றாள் கலாவதி, வேலுமணி வாயைத் திறப்பதற்குள். “அத நீங்க வாங்கி நடத்துங்க. எனக்கு இன்னொரு ஓவன் போதும்.”

சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டது என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சனிக்கிழமை பிறந்தநாள் கேக்குக்கு க்ரீம் வாங்க வேண்டுமாம். ரஞ்சித்குமாரும் பின்னாலேயே எழுந்து போய், திரும்பி வந்து, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார்.

வேண்டாம் என்றார் வேலுமணி. யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு ஆலோசனை சொன்னது அவர் இல்லை.